படிக்கட்டு யாருடையது? - கொழும்புத் தொடர்மாடிகளின் கதை

கொழும்பில் பழைய தொடர்மாடி ஒன்றில் வீடு வாடகைக்கு எடுக்கச் செல்பவர்கள், கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறார்கள். அறைகள் எத்தனை, குளியலறைத் தரைக்கு மாபிள் பதித்திருக்கிறதா, குசினியில் அலுமாரி உண்டா, காலி வீதிக்கு எத்தனை நிமிட நடை என்பனவே அவர்களுடைய கேள்விகள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களும் பல தசாப்தங்களாக இந்த விடைகளையே கொடுத்து வந்திருக்கின்றன. தண்ணீர்த் தாங்கியை யார் கழுவுகிறார், மொட்டைமாடி ஒழுகுகிறதா, படிக்கட்டு விளக்கின் மின்கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்று எந்த விளம்பரமும் சொன்னதை நான் கண்டதில்லை.

என்னைக் கேட்டால், பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் வீட்டுக்கு வெளியேதான் முதலில் பார்க்கவேண்டும். நான்கு சுவருக்குள் இருப்பதை ஒரு மாதத்தில் திருத்திவிடலாம். பூச்சு அடிக்கலாம், குழாய் மாற்றலாம், யன்னல் போடலாம். ஆனால் கூரை, தாங்கி, படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய், மின்தூக்கி என்பவை எல்லோருக்கும் பொதுவானவை. ஆகவே அவை ஒருவருக்கும் சொந்தமில்லாதவை போல ஆகிவிடுகின்றன. கொழும்பின் தொடர்மாடிகள் பழுதடைந்தது பெரும்பாலும் இந்தப் பொதுப் பகுதிகளின் வழியாகத்தான். அவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த நாட்டின் சட்டங்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைக் கொடுத்து வந்தன. அந்த விடைகளின் தடயங்களை இன்றும் சுவர்களில் காணலாம்.

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்ற பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தனித்துவிட்ட பெற்றோரை மருத்துவ வசதி கருதிக் கொழும்பில் குடியமர்த்த விரும்புகிறார்கள். தரகர் அனுப்பும் பத்துப் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்து முடிவு செய்கிறார்கள். எழுபத்தைந்து வயதுத் தாயார் மூன்றாம் மாடியில் குடியேறுகிறார். மின்தூக்கி பழுதடைந்த நாளிலிருந்து அவர் கோயிலுக்கும் போவதில்லை, கிளினிக்குக்கும் போவதில்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும்.

கொழும்பு நெடுங்காலம் தொடர்மாடிகளை விரும்பாத நகரமாக இருந்தது. 1921ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து நாட்டு நகரத் திட்டவியலாளர் பற்றிக் கெடஸ் கொழும்புக்காக வரைந்த திட்டம் 'பூங்கா நகரம்' என்ற எண்ணத்தை முன்வைத்தது. மரம், வளவு, தனிவீடு என்பதே நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கனவாயிற்று. காலிமுகத் திடலின் தெற்கே நிற்கும் கோல்பேஸ் கோர்ட் போன்ற ஆங்கிலேயர் காலத்து அடுக்குவீடுகள் விதிவிலக்குகளே. அவற்றில் முழுக் கட்டடத்துக்கும் உரிமையாளர் ஒருவர்தான். மற்றவர்கள் வாடகைக் குடிகள்.

அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. எமது காணிச் சட்டத்தின் அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். நிலம் யாருடையதோ, அதன்மேல் எழும் கட்டடமும் அவருடையது என்பது அதன் பழைய கோட்பாடு. நிலத்தைத் தொடாமல் மூன்றாம் மாடியில் நிற்கும் வீட்டுக்கு மட்டும் தனி உறுதி முடிக்க வழியில்லை. 1970ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கூட்டாதனச் சட்டம்தான் அந்த வழியைத் திறந்தது. மூன்று வருடங்களில் அதை நீக்கி, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பின்னர் பல தடவை திருத்தப்பட்டாலும், இன்றும் அந்த 1973 சட்டத்தின் மேல்தான் இலங்கையின் தொடர்மாடிகள் நிற்கின்றன.

அதற்கு முந்திய கட்டடங்களின் நிலையைப் புரிந்துகொள்ள வாடகைக் கட்டுப்பாட்டின் கதையையும் அறியவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. போர் முடிந்தது, சுதந்திரமும் வந்தது, ஆனால் வாடகைக் கட்டுப்பாடு போகவில்லை. 1948இல் புதிய சட்டமாகவும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாகவும் அது வலுப்பெற்றது. கடைசிச் சட்டம் குடியிருப்போருக்குப் பெரும் பாதுகாப்பை அளித்தது. மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத நியம வாடகை கொண்ட வீடுகளில் இருந்தவர்களை எழுப்புவது மிகக் கடினமாயிற்று.

ஏழைக் குடியிருப்பாளரைத் தெருவில் விடாத சட்டம் என்ற வகையில் அதை நான் மதிக்கிறேன். எனினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பணவீக்கம் ஏற ஏற வாடகை பெயரளவுக்கு வந்துவிட்டது. ஒரு வாளி சீமெந்துக்கும் போதாத வாடகையைப் பெறும் உரிமையாளர் கூரையைத் திருத்துவாரா? திருத்தினால் குடியிருப்பவர் இன்னும் இருபது வருடம் வசதியாக இருப்பார். திருத்தாவிட்டால் ஒருவேளை எழும்பிப் போவார். கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் நிற்கும் பழைய மாடிக் கட்டடங்களின் கபோக் கல் சுவர்களில் ஆலங்கன்றுகள் முளைத்து நிற்பதற்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் வெல்லக் காத்திருக்க, மழை கட்டடத்தை வென்றது.

1973ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அந்த ஒரே ஆண்டில் மூன்று சட்டங்கள் வந்தன. 1ஆம் இலக்கம் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பீற்றர் கெனமன் கொண்டுவந்தது அது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்து, மிகுதியை அரசு பொறுப்பேற்கவும், குடியிருந்தவர்கள் அவற்றை வாங்கவும் அது வழிசெய்தது. 10ஆம் இலக்கம் பொது வசதிகள் சபைச் சட்டம். 11ஆம் இலக்கம் நான் மேலே குறிப்பிட்ட தொடர்மாடி உடைமைச் சட்டம்.

வாடகை வீட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சொந்த வீடு பெற்றன. ஆனால் வாடகைக்கு விடுவதற்காகவே கட்டடம் கட்டுகிற வழக்கம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மற்ற இரண்டு சட்டங்களும் ஒரு புதிய உறவை உருவாக்கின. வீடு உனக்கு, படிக்கட்டு எல்லோருக்கும். பொதுப் பகுதியைப் பராமரிக்க உரிமையாளர் எல்லோரும் உறுப்பினராகும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இருக்கவேண்டும். அதற்கு மேலே ஒரு சபை. அந்தப் பொது வசதிகள் சபைதான் 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்ற பெயரில் இயங்குகிறது.

காகிதத்தில் இது மிக அழகான ஏற்பாடு. நடந்தது வேறு.

சுதந்திரத்தின் பின்னரான தசாப்தங்களில் அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகளை எடுத்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தோடு அரசு வீடு கட்டும் துறையில் முறையாக இறங்கியது. காலி வீதியோரத்துப் பம்பலப்பிட்டித் தொடர்மாடி, பின்னர் நாரஹேன்பிட்டி அன்டர்சன் தொடர்மாடி, மாளிகாவத்தை வீடமைப்பு என்று அவை வளர்ந்தன. அரசு வீட்டுக்காரராக இருந்தவரை அரச திணைக்களம் ஏதோ ஒரு வகையில் பூச்சு அடித்தது, குழாய் மாற்றியது. பின்னர் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கப்பட்டன. உறுதி கிடைத்த மகிழ்ச்சியில் யன்னலுக்கு வெளியே அறை இழுத்தவர்கள் உண்டு, கீழ்வீட்டில் கடை போட்டவர்களும் உண்டு. படிக்கட்டு இடிந்தபோது மட்டும் அது அரசாங்கத்தின் படிக்கட்டு. மாதாந்தக் கட்டணத்தைச் செலுத்தாதவர்கள் சபையைக் குறை கூறினார்கள். பணமில்லாத சபை குடியிருப்பாளர்களைக் குறை கூறியது. செய்தியாளனாக இத்தகைய கட்டடங்களுக்குப் பல தடவை போயிருக்கிறேன். இரு தரப்பும் சொன்னது உண்மையே.

இனி எமது மக்களுக்கு நெருக்கமான வெள்ளவத்தைக்கு வருவோம்.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தனிவீட்டில் இருந்தவர்கள் அந்த நாட்களில் எவ்வளவு தனிமைப்பட்டார்கள் என்பதை அவர்கள் ஒருபோதும் மறக்கவில்லை. பலர் வளவை விற்றுவிட்டு நாட்டைவிட்டே போனார்கள். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபோது வேறு வழியின்றி மக்கள் மீண்டும் கொழும்பை நோக்கி வந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானதன் பின்னர், வன்னி, வவுனியா என்று அலைந்து கொழும்பு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். வெளிநாட்டுக்குப் போகும் வழியில் விசாவுக்காகக் காத்திருந்தவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களுக்கெல்லாம் வீடு வேண்டியிருந்தது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணமும் இருந்தது.

இராமகிருஷ்ண வீதி, ஹம்டன் ஒழுங்கை, பஸல்ஸ் ஒழுங்கை, உருத்திரா மாவத்தை எங்கும் பதினைந்து, இருபது பேர்ச் வளவுகளில் நின்ற ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு ஐந்து, ஆறு தட்டுக் கட்டடங்கள் எழுந்தன. இருபது தமிழ்க் குடும்பங்கள் ஒரே கட்டடத்தில், ஒரே இரும்புக் கதவுக்குப் பின்னால், வாசலில் ஒரு காவலாளியுடன் இருப்பது 1983ஐக் கண்டவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. வெள்ளவத்தை தொடர்மாடி நகரமானதற்குக் காணி விலை மாத்திரம் காரணமல்ல, அந்த அச்சமும் காரணம் என்பது எனது உறுதியான கருத்து.

அந்த நாட்களில் வாடகைக்கு வீடு தேடிய தமிழர் எவரும் கட்டடத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் நிலையில் இருக்கவில்லை. வீட்டுக்காரர்தான் கேள்வி கேட்டார். அடையாள அட்டையில் பிறந்த இடம் எது? எத்தனை பேர்? இளைஞர்கள் உண்டா? யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தினர் வருவார்களா? குடியிருப்போர் பட்டியலைப் பொலிஸாருக்குக் கொடுக்கச் செய்யும் அதிகாரத்தின் வேர் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து அந்த ஏற்பாடு போர்க்காலத்தில் தமிழரின் அன்றாட வாழ்க்கையாயிற்று. பொலிஸ் பதிவுத் துண்டுக்குக் கையொப்பமிட வீட்டுக்காரர் சம்மதித்தால் போதும், கூரை ஒழுகினால் என்ன, தண்ணீர் வராவிட்டால் என்ன என்ற மனநிலை எம்மிடம் இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் தங்குவதற்கு ஓர் முகவரி இருப்பதே பெரும் சொத்து.

இத்தகைய தேவையை எதிர்பார்த்துக் கட்டியவர்கள் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். நன்றாகக் கட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கட்டடங்கள் முப்பது வருடத்தின் பின்னும் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு மேல் ஒரு தட்டை ஏற்றியவர்கள், கூட்டாதன வரைபடத்தைப் பதிவுசெய்யாமலே வீடுகளை விற்றவர்கள், கடைசி வீட்டை விற்றதும் காணாமற்போனவர்கள் என்று மற்றொரு வகையினரும் இருந்தார்கள்.

1990களின் பிற்பகுதியில் நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில், குசினிக் கூரையிலிருந்து எட்டு மாதம் தண்ணீர் சொட்டியது. மேல்வீட்டில் இருந்தவர், தானும் வாடகைக் குடிதானே என்றார். அந்த வீட்டின் உரிமையாளர் கனடாவில். என் வீட்டுக்காரர் கட்டியவரைக் கேட்கச் சொன்னார். கட்டியவர் தொழிலையே விட்டுவிட்டார். அந்தக் கட்டடத்தில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்ற ஒன்று அமைக்கப்படவே இல்லை. எனவே முறைப்பாட்டை எழுதலாம், முகவரியிட ஆளில்லை. ஒரு பிளாஸ்ரிக் வாளியை வைத்துக்கொண்டு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தை வாசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சரி, பார்க்கப் போகிறவர் எங்கிருந்து பார்க்கவேண்டும்? மொட்டைமாடியிலிருந்து என்பேன். தரகர் தயங்குவார், சாவி இல்லை என்பார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முதல் தகவல். மேலே தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இருக்கிறதா, மழைநீர் வழிந்தோடாமல் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறதா, உடைந்த கதிரைகளும் சீமெந்துப் பைகளும் குவிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள வீடு என்றால், மதியம் இரண்டு மணிக்குப் போய் உள்ளே அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள்.

பிறகு கீழே இறங்கி நிலத்தடித் தொட்டியைப் பாருங்கள். கொழும்புக்கு 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்த காலத்தில், இவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறவேண்டும் என்று ஒருவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். மாநகரக் குழாயின் அழுத்தம் மேல்மாடிக்குப் போதாது. நீர் முதலில் நிலத்தடித் தொட்டிக்கு வந்து, பின்னர் மோட்டாரினால் மேலே ஏற்றப்படுகிறது. தாழ்வான ஒழுங்கை என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அவ்வாறான வெள்ளத்தில் வீதி நீர் புகுவது முதலில் கார்த் தரிப்பிடத்துக்கும் நிலத்தடித் தொட்டிக்குமே. தொட்டியின் வாய் நிலமட்டத்தோடு இருக்கிறதா, உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கால்வாய்க்கு அண்மையில் என்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். வெள்ளம் எதுவரை வந்தது என்பதை அவர் சுவரில் விரலால் காட்டுவார்.

மின்சாரம் போனால் மோட்டாரும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் இருளில் கிடந்தபோது இது எல்லோருக்கும் விளங்கியது. மின்பிறப்பாக்கி இருந்த கட்டடங்களிலும் டீசல் இருக்கவில்லை. முதியவர்கள் ஐந்தாம் மாடிக்கு வாளி வாளியாக நீர் சுமந்த காட்சியை நான் கண்டிருக்கிறேன். எரிவாயுவும் கிடைக்காமல் பல்கனியில் விறகு மூட்டியவர்களும் உண்டு. ஆகவே அந்த 2022இல் இந்தக் கட்டடம் எப்படிச் சமாளித்தது என்று காவலாளியிடமோ படியில் சந்திக்கும் குடியிருப்பாளர் ஒருவரிடமோ கேளுங்கள். தரகரிடம் கேட்கவேண்டாம். ஒருவர் சலித்துக்கொண்டு கதை சொல்வார், இன்னொருவர் பணம் சேர்த்து முறைவைத்து மோட்டாரை இயக்கியதைச் சொல்வார். கட்டடத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கடல் எமக்குக் காற்றைத் தருகிறது, கொங்கிறீற்றுக்கு நோயைத் தருகிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் உப்புக்காற்று இடைவிடாது அடிக்கிறது. உப்பு சீமெந்துக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, மூலக் கம்பியைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. தூணின் நீளத்துக்கு ஓடும் நேர்க்கோட்டு வெடிப்பு, பழுப்பு நிறக் கறை, பல்கனியின் அடிப்பகுதியில் உதிர்ந்து கம்பி தெரியும் இடம் என்பவை அதன் அடையாளங்கள். பூச்சில் தலைமயிர் போல ஓடும் சிறு வெடிப்புகளுக்கு அஞ்சவேண்டியதில்லை. நாணயம் ஒன்றால் தட்டிப்பாருங்கள், உள்ளே கழன்றிருந்தால் வெற்றுப்பானை போல ஒலிக்கும். கட்டடம் முழுவதும் பழைய நிறமாயிருக்க, தூண் ஒன்று மட்டும் புதிய நிறத்தில் மின்னினால் அந்தத் தூணுக்கு முன் கூடுதல் நேரம் நில்லுங்கள். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்து உயிர்களைப் பலிகொண்டது. அதற்குப் பின்னராவது அனுமதியற்ற மேல்தட்டு என்ற சொல்லை நாம் அலுவலகச் சொல்லாகக் கருதாதிருப்பது நல்லது.

மின்பலகையைத் திறந்து பாருங்கள். கம்பி கட்டும் பழைய பியூஸ் மட்டும் இருந்து, 'ட்ரிப் சுவிட்ச்' இல்லையென்றால் அந்த வீட்டில் குளியலறைச் சுடுநீர்க் கருவி கூடாது. வட்டத் துளை பிளக்குகளே எங்கும் இருந்தால், வயரிங் பல தசாப்தம் கைவைக்கப்படாதது என்று கொள்ளலாம். குசினியில் எரிவாயுச் சிலிண்டருக்குக் காற்றோட்டமான இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். 2021 இறுதியில் நாடெங்கும் சிலிண்டர் வெடிப்புகள் செய்தியானபோது, யன்னலற்ற குசினிகள் எத்தனை என்பதைப் பலர் முதன்முதலாக எண்ணிப் பார்த்தார்கள்.

கழிவுநீரைப் பற்றி ஒரே ஒரு சோதனை. கீழ்மாடி வீடு என்றால், காலை ஏழு மணிக்குப் போங்கள். மேலுள்ள இருபது வீடும் குளிக்கும் நேரம் அது. குளியலறைத் துவாரத்தில் நீர் மேலெழும்பினால் வேறு சான்று வேண்டியதில்லை. கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனிவீடுகளுக்காகப் போடப்பட்டவை. ஒரு வீடு இருந்த வளவில் இருபது வீடு வந்தபோது குழாய் பெருக்கவில்லை.

இனிப் பத்திரங்கள். 1986இல் வர்த்தமானியில் வெளியான நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட ஒழுங்குவிதிகளுக்குப் பிந்திய கட்டடம் என்றால் இணக்கச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். கூட்டாதன வரைபடம் பதிவாகியிருக்கவேண்டும். வாடகைக்கு இருக்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்பார். வரைபடம் பதிவாகாத கட்டடத்தில் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாக முடியாது. அது இல்லையென்றால் கூரைக்குப் பொறுப்பான ஆளும் இல்லை. அதற்காகத்தான். சான்றிதழைக் காட்ட மறுத்தாலும், கடந்த மூன்று மாதப் பராமரிப்புக் கட்டணப் பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சிறு துண்டில் கூட்டுத்தாபனத்தின் பெயரும் பொருளாளரின் கையொப்பமும் இருந்தால், கட்டடம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பற்றுச்சீட்டு இல்லை, காவலாளியிடம் காசு கொடுப்போம் என்றால், கட்டடம் அந்தக் காவலாளியின் தயவில் இருக்கிறது.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தமக்குத் துணைநிற்கும் என்று பழைய தலைமுறையினர் சிலர் இன்றும் நம்புகிறார்கள். 1980ஆம் ஆண்டின் திருத்தம் முதல், புதிதாக வாடகைக்கு விடப்படும் வீடுகள் பலவும் அதன் பிடியிலிருந்து விலகிவிட்டன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்த வளவை உரிமையாளர் விரைவாக மீளப்பெற வழிசெய்கிறது. எனவே உங்கள் பாதுகாப்பு நீங்கள் எழுதும் பத்திரத்தில்தான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வருட முற்பணத்தை வெறும் கடதாசித் துண்டுக்குக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடித்ததாக அவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர் வீட்டின் உரிமையாளரே. வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. மின்தூக்கியைத் திருத்துவதா என்று கூட்டம் கூடும் நாளில், அதில் ஏற வேண்டிய உங்கள் தாயார் உள்ளே இருக்கமாட்டார். ரொறன்ரோவில் இருக்கும் உரிமையாளரோ கூட்டத்துக்கு வரமாட்டார். ஆகவே, மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தை யார் செலுத்துவது, மின்தூக்கியோ மோட்டாரோ பழுதானால் உரிமையாளர் சார்பில் கூட்டத்தில் பேச யாருக்கு அதிகாரம், மேல்வீட்டு ஒழுக்கு எத்தனை நாளில் நிறுத்தப்படவேண்டும், நிறுத்தப்படாவிட்டால் முற்பணம் எவ்வாறு திருப்பித் தரப்படும் என்பவை அந்தப் பத்திரத்திலேயே எழுத்தில் வரட்டும். எழுத மறுக்கும் வீட்டுக்காரரோடு வாதாடவேண்டாம். இப்போது அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து நடுங்கும் காலமல்ல. அதே ஒழுங்கையில் இன்னும் இரண்டு கட்டடங்களில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கும்.